நாற்பத்தொரு புகார்களும் ஓர் இடுகாடும்

என் அக்கா மகள் சாந்தினி இன்று தொலைத்தொடர்புப் பொறியியலாளர். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், அந்தப் படிப்பு சோறு போடாது என்று பாலோவிலிருந்து மாசாய் வரைக்கும் சொல்லித் திரிந்த வாய் என்னுடையது. செய்த வினைக்குப் பரிகாரமாக இதை நானே உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் தங்கராஜு. மலேசியாவின் ஜொகூர் பாருவில் மாசாய் பக்கம் வீடு. பத்தொன்பது வருடமாக விடியற்காலை நாலரைக்கு மோட்டாரை எடுத்துக்கொண்டு பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன். மின்னணு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை. அங்கே மேற்பார்வையாளர் ஐயாசாமி எனக்கு நெருக்கம். நம்ம பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை அவரிடம் சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டிருக்கிறேன். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பதற்கில்லை.

அக்கா கிருஷ்ணம்மாவும் மச்சான் சின்னத்தம்பியும் பாலோவுக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறார்கள். மச்சான் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். தோட்டத்தில் நாற்பது வீடுகள். ஐந்து வருடத்துக்கு முன்பு அங்கே ஒரு தொலைபேசிக் கோபுரம் வந்தது. கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். கோபுரம் வந்தது, லைன் வரவில்லை. வீட்டுக்குள் போன் ஒரு கோடுகூடக் காட்டாது. முற்றத்தில் நின்றால் ஒரு கோடு வரும், ஹலோ சொல்வதற்குள் போய்விடும்.

முழு லைன் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இடுகாடு.

சிரிக்காதீர்கள். கோபுரத்துக்கு அந்தப் பக்கம், செம்பனை மரங்களைத் தாண்டி இருக்கிறது எங்கள் தோட்டத்து இடுகாடு. அங்கே போய் நின்றால் போன் பளிச்சென்று வேலை செய்யும். சனத்துக்கு வேறு வழியில்லை, அங்கேதான் போனார்கள். போனவர்கள் சும்மா திரும்பி வீட்டுக்குள் நுழைய முடியுமா? ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு வாளியில் மஞ்சள் தண்ணீர் இருக்கும். பேசிவிட்டு வந்தால் கால் கழுவி, தலையில் தெளித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். கல்யாணப் பேச்சு அங்கே நின்று பேசக்கூடாது. அதற்கு மோட்டார் எடுத்துக்கொண்டு பாலோ டவுனுக்குப் போவார்கள். வெள்ளிக்கிழமை யாருமே அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டார்கள், சாவு விழுந்தால் தவிர. எங்கள் அப்பா இறந்த செய்தி எனக்கு ஒரு வெள்ளிக்கிழமைதான் வந்தது. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை அக்காவின் நம்பர் வந்தால் சாவுச் செய்திதான் என்று எனக்குள் பதிந்துவிட்டது.

இந்த விதியை மீறியவள் சாந்தினி. பல்கலைக்கழக இடம் கிடைத்ததா என்று இணையத்தில் பார்க்க வேண்டிய நாள் வெள்ளிக்கிழமையாக வந்து விழுந்தது. அக்கா வேண்டாம் என்றாள், நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். பெண் கேட்கவில்லை. அக்கா மஞ்சள் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டே பின்னால் ஓடி, இடுகாட்டு வேலிக்கு வெளியே நின்றிருக்கிறாள். உள்ளே சாந்தினி ஒரு சமாதித் திண்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, கெடச்சிருச்சு!" என்று கத்தியிருக்கிறாள். பத்து பகாட் ஊருக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகம், தொலைத்தொடர்புப் பொறியியல், நான்கு வருடம்.

எனக்குச் செய்தி வந்ததும் நான் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்.

"டவர் ஏறுற வேலைக்கு எதுக்கு டிகிரி? நர்ஸ் படிக்கச் சொல்லு லா."

"மாமா, டவர் ஏறுறது ஒரு வேலை. டவர எங்க வைக்கிறது, எந்தப் பக்கம் பாக்க வைக்கிறதுன்னு கணக்குப் போடுறது வேற வேலை" என்றாள் சாந்தினி, அம்மாவிடமிருந்து போனை வாங்கி. "கண்ணாடி இழை கேபிள் இருக்கு, சாட்டிலைட் இருக்கு, கூலாய் பக்கம் டேட்டா சென்டரா கட்டிக்கிட்டு இருக்காங்க, அதுக்கெல்லாம் ஆள் வேணும். நீங்க பாலம் தாண்டுறப்போ லைன் மாறுதுல்ல? மலேசியா லைன் விட்டு சிங்கப்பூர் லைன் புடிக்குதுல்ல? அது தானா நடக்குதுன்னு நெனச்சீங்களா?"

தானாக நடக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒப்புக்கொள்ளவில்லை.

நான்கு வருடம் ஓடியது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஆண்டெனா, அலைவரிசை என்று என்னென்னவோ பேசுவாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். கடைசியாக, படிப்பு முடிய ஆறு மாதம் ஒரு நிறுவனத்தில் பயிற்சி செய்ய வேண்டும். ஜொகூர் பாருவில் ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. பெரிய தொலைபேசி நிறுவனங்களுக்காக லைன் சோதனை செய்து அறிக்கை கொடுப்பது அவர்கள் வேலை. பயிற்சிக்கு மூன்று பேர். முடிவில் ஒருவரை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள்.

தங்குவதற்கு என் வீடு. அதனால் நிபந்தனை என்னுடையது.

"உன்னைய வச்சுக்கிட்டா சரி. இல்லன்னா மறுமாசமே ஐயாசாமிகிட்ட சேர்ந்துடணும். சிங்கப்பூர் காசு. நான் பேசிட்டேன்."

"சரி மாமா" என்றாள். அந்தச் சரியில் கோபம் இருந்தது. ஐயாசாமியிடம் சேர்ந்தால் அவள் நாள் முழுக்கக் கண்ணாடி வழியே உதிரிபாகத்தைப் பார்த்து நல்லது, கெட்டது பிரிக்க வேண்டும். நான்கு வருடப் படிப்பை அலமாரியில் வைக்க வேண்டும். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் பேசினேன். பாதுகாப்பு, மாதம் பிறந்தால் சம்பளம் என்று அக்காவையும் என் பக்கம் இழுத்து வைத்திருந்தேன்.

நிறுவனத்தில் அவளுடைய தலைவி தவமணிதேவி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாத்தா காலத்திலிருந்து இங்கேதான். ஐம்பது வயது இருக்கும். சிரித்தால் அபராதம் போடுவார்களோ என்று பயப்படுகிற முகம் என்று சாந்தினி சொல்வாள். முதல் வாரமே இவள் போய், "மேடம், எங்க தோட்டத்துல லைனே இல்ல" என்றிருக்கிறாள்.

"கதை வேண்டாம், அளவைக் கொண்டு வாரும்" என்றாராம் அவர். அத்தோடு இவளை அலுவலகத்தில் உட்காரவைத்து, பழைய புகார்களை வரைபடத்தில் புள்ளி வைக்கும் வேலையைக் கொடுத்துவிட்டார். கூடப் பயிற்சிக்கு வந்த ரூபேந்திரன் காரில் ஊர் ஊராகச் சோதனைக்குப் போனான். இவள் புள்ளி வைத்தாள். மூன்று மாதம் புள்ளி வைத்தாள். வேலை ரூபேந்திரனுக்குத்தான் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்களாம். நான் ஐயாசாமிக்கு இன்னொரு முறை போன் போட்டேன்.

நான்காவது மாதம் பாலோ பக்கத்துப் புகார்கள் அவள் மேசைக்கு வந்தன. மூன்று வருடத்தில் நாற்பத்தொரு புகார். எல்லாமே முடித்துவைக்கப்பட்டவை. காரணமாக ஒரே வரி: புகார் வந்த இடத்தில் சிக்னல் மிக நன்று. வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிடும்போது, கூப்பிட்ட போன் எந்த இடத்தில் இருந்தது, லைன் எவ்வளவு பலம் என்றும் பதிவாகிவிடுமாம். அவள் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தாள். நாற்பத்தொன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் விழுந்தன.

ரூபேந்திரன் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரோ ஒரு பைத்தியம், ஒரே எடத்துல நின்னு நாப்பத்தொரு தடவ கூப்பிட்டிருக்கான் போல" என்று சிரித்தான்.

சாந்தினி சிரிக்கவில்லை. அந்த இடம் அவளுக்குத் தெரியும்.

வீட்டில் லைன் இல்லை என்று புகார் சொல்ல வேண்டும். சொல்வதற்கு லைன் வேண்டும். லைன் இருக்கிற இடம் இடுகாடு. நாற்பது வீட்டுச் சனமும் இடுகாட்டில் போய் நின்றுகொண்டு, எங்களுக்கு லைன் இல்லை என்று சொல்லியிருக்கிறது. அந்தப் பக்கம் இருக்கிறவர் கணினியைப் பார்த்து, உங்கள் லைன் பிரமாதமாக இருக்கிறதே என்று முடித்துவிட்டார். இடுகாட்டில் நின்று பேசுகிறேன் என்று எந்த மனுஷன் முன்பின் தெரியாதவரிடம் சொல்வான்? ஒருவரும் சொல்லவில்லை.

அந்த நாற்பத்தொன்றில் ஒன்று அக்காவுடையது. சாந்தினி பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் படித்தபோது கொடுத்த புகார். பிள்ளை வெளியூரில் படிக்கிறது, அது கூப்பிட்டால் எனக்கு எடுக்க முடியவில்லை, தயவு செய்து பாருங்கள் என்று மலாயில் எழுதிப் பதிந்திருந்தது. அதன் கீழேயும் அதே வரி: சிக்னல் மிக நன்று. அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகக் கழிப்பறையில் போய் அழுததாகச் சாந்தினி ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னாள். அக்கா இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

மறுநாள் தவமணிதேவியிடம் போய் நின்றாள். அவர் முழுவதையும் கேட்டார். இடுகாடு என்றதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாராம்.

"மூன்று வருடமாக மூடின புகாரை நாங்கள் திரும்பத் திறந்து ஒன்றும் இல்லை என்றால், எங்கள் பெயர் கெடும். உமக்கும் இங்கே இடம் இருக்காது. விளங்குதா?"

"விளங்குது மேடம்."

"ஒரு நாள் தாறேன். காரை எடுத்துக்கொண்டு போம்."

கார் போனது. ஓட்டுநர் தார் ரோட்டில் இரண்டு சுற்று ஓட்டினார். சோதனைப் போனில் எல்லாம் பச்சை. தோட்டத்துச் செம்மண் பாதைக்குள் கார் இறங்காது, அப்படி ஏற்பாடும் இல்லை என்று அவர் திரும்பிவிட்டார். முன்பு சோதனைக்கு வந்தவர்களும் அதே தார் ரோட்டில்தான் ஓட்டிவிட்டுப் போயிருப்பார்கள். சாந்தினி கொண்டுவந்த அளவு, நாற்பத்தொரு புகாரையும் மூடியது சரி என்று சொன்னது. வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் என் முன்னால் வந்து நின்றாள். "மாமா, நாளைக்கு ஒங்களுக்கு லீவுதானே? மோட்டார் ஓட்டுறீங்களா? நான் பின்னாடி ஒக்காந்து அளக்குறேன். சோதனைப் போனை மேடம்கிட்ட கேட்டு வாங்கிட்டேன்."

"எங்க?"

"தோட்டத்துக்குள்ள. டவரச் சுத்தி ஒரு வட்டம்."

"இடுகாடும் உண்டா?"

"அதுதான் மாமா முக்கியம்."

ஏன் சரி என்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை. தோற்பதைப் பார்க்கலாம் என்றுகூட இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் தோட்டத்தில் இருந்தோம். செம்பனை வரிசைகளுக்கு நடுவில், குலை வெட்டுகிறவர்கள் போகிற பாதையில் நான் ஓட்டினேன். அவள் பின்னால் உட்கார்ந்து போனை என் தலைக்கவசத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு நாய் கால் மைல் துரத்தியது. நான் கத்தினேன், அவள் எண்ணை விடவில்லை.

வீடுகள் பக்கம் வந்தோம். "மைனஸ் நூத்திப் பதினெட்டு" என்றாள்.

"பெரிய நம்பர். நல்லாத்தானே இருக்கு?"

"மைனஸ் மாமா. பெருசாக ஆக, லைன் செத்துப்போவுதுன்னு அர்த்தம்."

சுற்றி அந்தப் பக்கம் போனோம். இடுகாட்டு வேலிக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டேன். அவள் தோளைத் தட்டினாள். முருகா என்று உள்ளே விட்டேன்.

"மைனஸ் அறுபத்தெட்டு" என்றாள். குரலே மாறிவிட்டது. "மாமா, நிறுத்துங்க. டவர்ல இருந்து வீட்டுக்கும் இதே தூரம்தான். நடுவுல ரெண்டு பக்கமும் செம்பனைதான். அப்போ மரத்துமேல தப்பு இல்ல. நாலு வருஷம் படிச்சும் நானே மரத்தத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்."

இறங்கி அண்ணாந்து பார்த்தாள். கோபுர உச்சியில் மூன்று நீளத் தட்டுகள். அவைதான் லைனை அனுப்புகின்றன. ஒன்று தார் ரோட்டைப் பார்க்கிறது. ஒன்று ரயில் பாதையைப் பார்க்கிறது. மூன்றாவது, நேராக எங்கள் சமாதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரோ திருப்பி மாட்டிட்டான்" என்றேன்.

"இல்ல மாமா. பிளான்லயே இந்தத் திசைதான் போட்டிருக்கு. அதனாலதான் எத்தன தடவ பாத்தாலும் சரின்னு வருது." மடிக்கணினியைத் திறந்து வரைபடத்தைக் காட்டினாள். இடுகாட்டுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாக இருந்தன. மேலே மலாயில் தொழிலாளர் குடியிருப்பு என்று எழுதியிருந்தது. "இங்க யாரு மாமா இருக்கா? வெறும் செம்பனைதானே இருக்கு?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. "அட, இது நம்ம பழைய லயன் வீடு! இதோ மூணாவது கட்டம், ஒங்கம்மாவும் நானும் பொறந்த வீடு. நீ பொறந்த வருஷம் இடிச்சுட்டு எல்லாரையும் அந்தப் பக்கம் கொண்டுபோய் வச்சாங்க. இந்தப் படம் அதுக்கும் முந்தியது."

இருபது வருடத்துக்கு மேல் ஆள் இல்லாத வீட்டுக்கு, ஐந்து வருடமாக முழு லைன் போய்க்கொண்டிருந்திருக்கிறது. சாந்தினி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இடுகாட்டு நடுவில் நாங்கள் இரண்டு பேரும் குதித்ததை யாராவது பார்த்திருந்தால் பூசாரியைக் கூட்டிவந்திருப்பார்கள். அக்கா வீட்டு வாசலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக்கொண்டபோது எனக்கு முதல் முறையாக அது ஒரு அநியாயமாகத் தோன்றியது.

திங்கட்கிழமை அவள் எண்களை மேசையில் வைத்தாள். தவமணிதேவி மூன்று முறை சரிபார்த்துவிட்டு, தொலைபேசி நிறுவனத்தோடு நடந்த இணையக் கூட்டத்தில் தான் பேசாமல் இவளையே பேச வைத்தார். அங்கிருந்து ஒரு மலாய் அதிகாரி, புகார் எல்லாம் ஏன் ஒரே புள்ளியில் என்று கேட்டார்.

"தானா குபூர், துவான்" என்றாள் சாந்தினி மலாயில். இடுகாடு ஐயா. "எங்க ஊருல அங்க மட்டும்தான் லைன் கெடைக்கும். ஒங்களுக்குப் புகார் குடுத்தவங்க எல்லாரும் சமாதிக்கு நடுவுல நின்னு பேசினாங்க. அதுல எங்க அம்மாவும் ஒருத்தர்."

அந்த அதிகாரி மெதுவாக, "அலமாக்" என்றாராம், ஐயையோ என்கிற மாதிரி. அடுத்த மாதமே ஆள் அனுப்புவதாக எழுத்தில் கொடுத்தார்கள்.

ஒரு புதன்கிழமை இரண்டு பேர் கோபுரத்தில் ஏறி, மூன்றாவது தட்டைத் திருப்பினார்கள். ஆட்கள் இல்லாத பக்கம் விட்டு, ஆட்கள் இருக்கிற பக்கம். அரை நாள் வேலை. நான் ஊரில் இல்லை, வேலையில் இருந்தேன். சாந்தினி கீழே நின்று திசை சொன்னாளாம். டவர் ஏறுகிற வேலை என்று நான் கேலி செய்தேனே, அவள் ஏறவே இல்லை. ஏறியவர்கள் அவள் சொன்ன பக்கம் திருப்பினார்கள்.

பயிற்சி முடிந்தது. நிரந்தர வேலை யாருக்கு என்று இரண்டு வாரத்தில் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இவள் பெட்டியோடு தோட்டத்துக்குப் போய்விட்டாள். ஐயாசாமி தினமும் கேட்டார், நான் இன்னும் ரெண்டு நாள், இன்னும் ரெண்டு நாள் என்று இழுத்தேன். இந்தத் தடவை இழுத்தது வேறு காரணத்துக்காக. நிபந்தனை போட்டவன் நானே அது தோற்க வேண்டும் என்று மாரியம்மன் கோயிலுக்கெல்லாம் போகவில்லை, ஆனால் வேண்டிக்கொண்டேன்.

பதினோராவது நாள். மத்தியானம், தொழிற்சாலை உணவுக்கூடத்தில் ஐயாசாமிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. அக்கா நம்பர்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

கையிலிருந்த கரண்டியைத் தட்டில் போட்டேன். மச்சான் லாரி கண்ணுக்கு முன்னால் வந்தது. வெள்ளிக்கிழமை அக்கா கூப்பிட்டால் ஒரே செய்திதான். போனை எடுத்தேன்.

"அக்கா? என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?"

பின்னால் ஏதோ கொதிக்கிற சத்தம். மிக்சி ஓடி நின்றது.

"ஏன்டா கத்துற? ஒன்னும் ஆவல. அடுப்படியிலருந்துதான் பேசுறேன். கொழம்பு வச்சிருக்கேன், வாசன வருதா?"

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பாப்பா பாலோவுக்குப் போயிருந்துச்சா, அங்கருந்து எனக்குப் போன் பண்ணுச்சு. இங்கேயே எடுத்தேன்டா, அடுப்புக்கிட்டயே. வேல கெடச்சிருச்சாம். அந்த மேடமே கூப்பிட்டுச் சொன்னாங்களாம். லைன் எங்க வரணும்னு திட்டம் போடுற வேலையாம். மாமாவுக்கு நான் சொல்ல மாட்டேன், நீங்களே வீட்டுக்குள்ள இருந்து கூப்பிட்டுச் சொல்லுங்கன்னுச்சு."

உணவுக்கூடத்தில் அத்தனை பேருக்கு முன்னால் நான் அழுதேன். ஐயாசாமி பதறிப்போய் எழுந்தார். எங்கள் பழக்கம் அவருக்கும் தெரியும்.

"என்னப்பா, யாரு போயிட்டா?"

"யாரும் போவலண்ணே" என்றேன். "என் அக்கா மக ஒங்ககிட்ட வேலைக்கு வர மாட்டா. அவ இஞ்சினியர்."

அக்கா இன்னும் லைனில் இருந்தாள். வைக்கிறேன் என்று சொல்லவே இல்லை. குழம்பு இறக்கி, சோறு வடித்து, மச்சான் வருகிறவரைக்கும் பேசிக்கொண்டே இருந்தாள்.